கைபேசிக் காப்புரிமைத் தொகை: விழுக்காடு எதன் மீது?

கைபேசித் தயாரிப்பில் புதிதாக இறங்குவோர் உரிம ஒப்பந்த வரைவோடு என்னிடம் வரும்போது, பெரும்பாலும் முதலில் கேட்பது ராயல்டி, அதாவது காப்புரிமையைப் பயன்படுத்த அதன் உரிமையாளருக்குச் செலுத்தும் தொகை, எத்தனை விழுக்காடு என்பதைத்தான். அந்த விழுக்காடு எதன் மீது கணக்கிடப்படுகிறது என்பதே செலுத்தும் தொகையைப் பெரிதும் தீர்மானிக்கிறது என்பதால், அதையே முதலில் கேட்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன்.

4ஜி, 5ஜி தரநிலைகளைப் பின்பற்றும் எந்தக் கருவியும் சில காப்புரிமைகளைத் தொடாமல் இயங்க முடியாது. அத்தகைய இன்றியமையாக் காப்புரிமைகளை வைத்திருப்போர், நியாயமான, பாகுபாடற்ற நிபந்தனைகளில் உரிமம் தருவதாக ஐரோப்பியத் தொலைத்தொடர்புத் தரநிலை நிறுவனம் போன்ற அமைப்புகளிடம் உறுதியளிக்கிறார்கள். தொகை எவ்வளவு என்பதை அந்நிறுவனம் வகுப்பதில்லை. ஒரு காப்புரிமை உண்மையிலேயே இன்றியமையாததா என்றும் சோதிப்பதில்லை. உரிமையாளரின் அறிவிப்பே பதிவாகிறது.

நுட்பம், கைபேசியை வலையமைப்போடு இணைக்கும் மோடம் சிப்பில் அடங்கியிருப்பதால் சிப்பின் விலையையே அடிப்படையாகக் கொள்ள வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் வாதிடுகிறார்கள். இணைப்பு இல்லையேல் கைபேசிக்கே பயனில்லை, ஆகவே முழுக் கைபேசியின் விலையே அடிப்படை என்கிறார்கள் உரிமையாளர்கள். நடைமுறையில் முழுக் கைபேசியின் விலையே பெரிதும் அடிப்படையாகியிருக்கிறது. அமெரிக்கச் சிப் நிறுவனமான குவால்காம் தன் இன்றியமையாக் காப்புரிமைகளுக்கு அறிவித்த விகிதப்படி, முந்தைய தலைமுறைகளிலும் இயங்கும் 5ஜி கைபேசிக்கு நிகர விற்பனை விலையில் (ஒப்பந்தம் ஏற்கும் கழிவுகள் போக எஞ்சும் விலை) 3.25 விழுக்காடு, விலை 400 டாலரைத் தாண்டினாலும் கணக்கு 400-இலேயே நின்றுவிடும். ஆக, 200 டாலர் கைபேசிக்கு 6.50 டாலர், 400-க்கு 13, ஆயிரத்துக்கும் அதே 13. நோக்கியா 2018-இல் 5ஜி கைபேசி ஒன்றுக்கு அதிகபட்சம் 3 யூரோ என அறிவித்தது. அந்த உச்சத் தொகை 100 யூரோ கைபேசியில் 3 விழுக்காடு, 1000 யூரோ கைபேசியில் 0.3 விழுக்காடு. மலிவுக் கைபேசி செய்பவரின் மெல்லிய லாபத்தில் இது எப்படி உறைக்கும் என்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

தனித்தனியே பார்த்தால் ஒவ்வொரு கோரிக்கையும் சிறியதுதான். உரிமையாளர்கள் பலர் என்பதால் அவை ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகின்றன. அதனால்தான் மொத்தச் சுமையை முதலில் வரையறுத்து, அதில் ஒவ்வொருவரின் பங்கைப் பிரிக்கும் முறையைச் சில நீதிமன்றங்கள் கையாண்டிருக்கின்றன.

அண்மையில் என் மேசைக்கு வந்த ஒரு வரைவில், நிகர விற்பனை விலை என்ற சொல்லுக்கு அரைப் பக்க வரையறை இருந்தது. வரி மட்டுமே கழிவாக ஏற்கப்பட்டிருந்தது. பெட்டிக்குள் வைக்கும் சார்ஜரும் சரக்குக் கட்டணமும் விலைக்குள்ளேயே இருந்தன. தொழிற்சாலை விலையா, துணை நிறுவனம் விற்கும் விலையா என்பதும் தெளிவாக இல்லை. விகிதத்தைக் குறைக்கச் சொல்லி மாதக்கணக்கில் பேசிக்கொண்டிருந்த தயாரிப்பாளரிடம், அந்த வரையறையைத் திருத்தக் கேட்கும்படி சொன்னேன். சார்ஜரும் சரக்குக் கட்டணமும் கழிவுகளில் சேர்ந்தபோது, விகிதம் மாறாமலே தொகை குறைந்தது.