தள்ளிவிட அது தள்ளுவண்டி இல்லை

பண்டிகை நெருங்கினால் எங்கள் பிசியோதெரபி பிரிவுக்கு நசுங்கிய விரல்கள் வரத் தொடங்கும். இந்த வாரம் நகம் பெயர்ந்த கட்டைவிரல் ஒன்று. காரணம் கேட்கவே வேண்டாம். கடைக் கூட்டத்தில் யாரோ "கொஞ்சம் வழி விடுங்க" என்றபடியே வீல்சேரைப் பின்னாலிருந்து நகர்த்தியிருப்பார். வாய் சொல்லி முடிப்பதற்குள் கை தள்ளிவிட்டது.

உட்கார்ந்திருப்பவரின் விரல் அப்போது சக்கரத்தின் வெளிவளையத்தில் இருக்கும். பக்கத்திலேயே கம்பிகள், பிரேக். மீதியை நான் விளக்கத் தேவையில்லை.

விரலோடு போனால் பரவாயில்லை. தண்டுவடக் காயம் பட்ட பலருக்கு வயிறு, முதுகுத் தசைகள் பிடித்துக்கொள்ளாது. பஸ் குலுங்கும்போது நாம் தானாக நிமிர்ந்துகொள்வோமே, அது அவர்களுக்கு நடக்காது. முன்சக்கரம் சின்னது, தரையில் ஓடும் வயரிலோ மிதியடி ஓரத்திலோ மாட்டினால் வண்டி நின்றுவிடும், ஆள் முன்னால் போய் விழுவார். பல வருடம் நடக்காத காலில் எலும்பு வலுவிழந்திருக்கும். முறிந்தாலும் வலி தெரியாது. மறுநாள் தொடை வீங்கிய பிறகுதான் எங்களிடம் வருவார்கள்.

படியில் தூக்கிவிடுகிறேன் என்று கைதாங்கியைப் பிடிக்காதீர்கள். பல வண்டிகளில் அது கழற்றி மாட்டுகிற பாகம், கையோடு வந்துவிடும். சட்டத்தைத்தான் பிடிக்க வேண்டும், எந்த இடத்தில் என்பதை உட்கார்ந்திருப்பவர் சொல்வார். பேட்டரி வண்டியை ஆளோடு தூக்கவே வேண்டாம்.

இதைவிட எரிச்சலூட்டும் ஒன்று உண்டு. மேல்தட்டுப் பொருளை எடுக்க ஒருவர் எழுந்து நின்றதும், "நல்லாத்தானே நிக்கறீங்க, அப்புறம் இது எதுக்கு?" ஐயா, வீல்சேரில் வருகிற எல்லாருக்கும் கால் செத்துப்போகவில்லை. இதயம் பலவீனமானவர் பத்து அடி நடப்பார், பதினோராவது அடியில் மூச்சு வாங்கும். மூட்டுவாதக்காரர் காலையில் நடப்பார், மாலையில் முடியாது. மல்டிபிள் ஸ்க்ளெரோசிஸ் என்ற நரம்பு நோய் இருப்பவருக்கு நேற்று முடிந்தது இன்று முடியாமல் போகலாம். நிற்க முடிவது வேறு, கடையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு பில் வரிசையில் அரைமணி நேரம் நிற்பது வேறு. முடிகிறவர்கள் அவ்வப்போது எழுந்து நில்லுங்கள் என்று படித்துப் படித்துச் சொல்வதே நாங்கள்தான். உங்கள் கேள்விக்குப் பயந்து அதையும் விட்டுவிடுகிறார்கள்.

கடைக்காரர்களே, தள்ளுபடிப் பொருட்களை நடைவழியில் அடுக்காதீர்கள். போய்வர 90 செ.மீ. வேண்டும், வண்டி முழுதாகத் திரும்ப 150 செ.மீ. வீல்சேரில் வருகிறவர்களுக்கான கழிவறையை அட்டைப்பெட்டி கிடங்காக்குவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். முதுகெலும்பில் ஆறாவது மார்பு முள்ளெலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ தண்டுவடக் காயம் பட்டவருக்குச் சிறுநீர்ப்பை நிரம்பினால் ரத்த அழுத்தம் சட்டென ஏறும். தலை வெடிப்பதுபோல் வலி, முகமெல்லாம் வியர்வை. கவனிக்காவிட்டால் பக்கவாதம் வரை போகும். பூட்டிய கதவுக்குச் சாவி தேடும் நேரமில்லை அது.

வண்டியில் போகிறவர்களுக்கும் கொஞ்சம் திட்டு இருக்கிறது. கிளம்பும் முன் டயரில் காற்றைப் பாருங்கள். காற்று குறைந்தால் பிரேக் கட்டை டயரை அழுத்தாது, சரிவில் வண்டி நழுவும். வாங்கிய பைகளையெல்லாம் முதுகுப் பக்கக் கைப்பிடியில் மாட்டினால் சாய்தளம் ஏறும்போது வண்டி பின்னால் கவிழும். கனமானதை இருக்கைக்கு அடியில் வையுங்கள். உணர்வில்லாத தொடையில் சூடான காபிக் கோப்பை கூடவே கூடாது. வரிசை எவ்வளவு நீளமானாலும் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை முன்னால் நன்றாகச் சாய்ந்து, ஒன்றிரண்டு நிமிடம் இடுப்பின் அழுத்தத்தைக் குறையுங்கள். ஒரு நாள் அலட்சியத்தில் அந்த அழுத்தத்தால் வந்த புண் ஆற மாதக்கணக்காகும். வருகிற புண்களைத் துடைத்துக் கட்டி எனக்கு அலுத்துவிட்டது.

மற்றவர்கள் செய்ய வேண்டியது ரொம்பக் குறைவு. முன்னால் வந்து, முகத்தைப் பார்த்து, "உதவி வேணுமா?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை கை உங்கள் பக்கமே இருக்கட்டும். "வேண்டாம்" என்றால் கோபித்துக்கொள்ளாமல் நகருங்கள். பில் போடுகிறவர்கள் மீதிச் சில்லறையைப் பொருள் வாங்கியவர் கையிலேயே கொடுங்கள். பின்னால் நிற்பவர் அவருக்கு யாரென்றே தெரியாத ஆளாக இருக்கலாம்.