சுவரும் ஆடும் கால்பந்து

1978 டிசம்பர் 22 அன்று, நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்டில் இருக்கும் நசாவு கொலிசியத்தில், ஐஸ் ஹாக்கித் தளத்தின் மேல் செயற்கைப் புல்லை விரித்து ஒரு கால்பந்து ஆட்டம் நடந்தது. நியூயார்க் ஆரோஸுக்கும் சின்சினாட்டி கிட்ஸுக்கும் இடையிலான அந்த ஆட்டம்தான் அமெரிக்காவின் மேஜர் இண்டோர் சாக்கர் லீக்கின் தொடக்கம். முதல் சீசனில் ஆறு அணிகள், ஓர் அணிக்கு 24 ஆட்டங்கள். கோப்பையை ஆரோஸ் வென்றது. யூகோஸ்லாவியாவின் ஹைடுக் ஸ்ப்ளிட் கிளப்பிலிருந்து வந்து அந்த அணியில் சேர்ந்த ஸ்டீவ் சுங்குல், 1980-81 சீசனில் மட்டும் 108 கோல் அடித்தார். வெளித்திடலில் ஒரு சீசனுக்கு முப்பது கோல் அடித்தாலே பெரிய ஆள் என்பார்கள்.

இத்தனை கோல் எப்படி? மைதானம் சிறியது என்பது பலரும் சொல்லும் பதில். அது பாதி உண்மைதான். மீதிப் பாதி, மைதானத்தைச் சுற்றி நிற்கும் சுவர்.

ஹாக்கித் தளம் 200 அடி நீளம், 85 அடி அகலம். அதாவது ஏறத்தாழ 1,580 சதுர மீட்டர். வழக்கமான கால்பந்துத் திடல் 105 மீட்டருக்கு 68 மீட்டர் என்றால் 7,140 சதுர மீட்டர். உள்ளே அணிக்கு ஆறு பேர், வெளியே பதினொரு பேர். கோல்கீப்பர்களைக் கழித்துப் பார்த்தால், வெளித்திடலில் ஒருவருக்கு 357 சதுர மீட்டர் கிடைக்கிறது, உள்ளரங்கில் 158தான். இவ்வளவு நெருக்கத்தில் பாஸ் கொடுக்க ஆள் கிடைப்பது கஷ்டம். அந்தக் குறையைத் தீர்ப்பது சுவர்தான்: எங்கே நின்றாலும் பந்தைத் திருப்பித் தர அது இருக்கிறது.

கேரம் ஆடியவர்களுக்கு இது சட்டென்று புரியும். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கண்ணாடி உலகம் இருப்பதாக நினைத்துக்கொண்டு, அங்கே தெரியும் நம் ஆளின் பிம்பத்தைக் குறிபார்த்து அடித்தால் பந்து மோதித் திரும்பி நிஜ ஆளிடம் போய்ச் சேரும். படும் கோணமும் மீளும் கோணமும் சமம் என்ற பள்ளிக்கூடப் பாடம்தான். ஆனால் ஒளிக்கதிருக்குப் பொருந்துகிற அளவுக்கு அது பந்துக்குப் பொருந்தாது.

மோதலில் பந்து நசுங்குகிறது, ஆற்றலில் ஒரு பங்கு வெப்பமாகப் போய்விடுகிறது. சுவரை நோக்கிய வேகம் குறைகிறது. சுவரோரமாகப் போகும் வேகம் அப்படியே இருந்தால், பந்து எதிர்பார்த்ததைவிடச் சுவரை ஒட்டியே போகும். வழுக்கலான கண்ணாடியில் பட்டால் இப்படித்தான் ஆகும். சுவர் சொரசொரப்பாக இருந்து பந்தைப் பிடித்தால் கதை மாறும். உராய்வு பந்தைச் சுழல வைக்கும், அந்தச் சுழற்சிக்கான ஆற்றல் சுவரோர வேகத்திலிருந்து வரும், அதனால் பந்து சுவரைவிட்டு இன்னும் விலகி வெளியே வரும். கீழே பலகையும் மேலே கண்ணாடியுமாக இருக்கும் அரங்கில், ஒரே கோணத்தில் அடித்த இரண்டு பந்துகள் பட்ட உயரத்தைப் பொறுத்து வேறு வேறு இடத்துக்குப் போகலாம்.

உருண்டு வரும் பந்தில் இன்னொரு விஷயமும் உண்டு. உருளும் பந்தின் முன்பக்கம் எப்போதும் கீழ்நோக்கி நகர்ந்துகொண்டிருக்கும். அந்த முன்பக்கம் சுவரில் பட்டதும் உராய்வு பந்தை மேலே தள்ளும். அதனால் தரையோடு போன பந்து, சுவரில் பட்டதும் லேசாகத் துள்ளும். திரும்பி வரும்போதும் பழைய சுழற்சி பெருமளவு மிச்சமிருக்கும். இப்போது அது போகும் திசைக்கு எதிர்ச்சுழற்சி. தரையில் விழுந்ததும் பந்து கொஞ்சம் தயங்கும். அந்தத் தயக்கத்தைக் கணக்கில் வைத்து அரை அடி முன்னால் காலை வைப்பவர் பந்தை எடுத்துக்கொள்வார். சுங்குல் போன்றவர்களின் திறமையில் பெரும்பங்கு இந்த அரை அடியில் இருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

சரி, சுவர் பந்தைத் திருப்பித் தந்துகொண்டே இருந்தால் அடுத்து என்ன நடக்கும்? பந்து வெளியே போகாது. வெளித்திடலில் 90 நிமிட ஆட்டம் என்றாலும் த்ரோ-இன், கார்னர், கோல் கிக் என்று நேரம் கழிந்து, பந்து உருள்வது 55 முதல் 60 நிமிடம்தான். அந்த இடைவெளிகளில்தான் ஆட்டக்காரர்கள் மூச்சு வாங்குகிறார்கள். உள்ளரங்கில் 15 நிமிடக் கால்பகுதிகள் நான்கு. பந்து நின்றால் கடிகாரமும் நிற்கும், அப்படி நிற்பதே குறைவு. மூச்சு வாங்க இடமில்லை.

நம் தசையில் உடனடி ஆற்றலுக்கென்று பாஸ்போகிரியாட்டின் என்ற சேர்மம் இருக்கிறது. முழு வேக ஓட்டத்துக்கு அது பத்து வினாடி வரை தாங்கும். அப்புறம் தசை, ஆக்சிஜன் இல்லாமலே சர்க்கரையை உடைக்கும் வழியை அதிகமாக நம்ப வேண்டும். அது ஒன்றிரண்டு நிமிடம் ஈடுகொடுக்கும், பிறகு கால் கனக்கும். ஆனால் ஓய்ந்து உட்கார்ந்தால், தீர்ந்துபோன பாஸ்போகிரியாட்டினில் பாதி சுமார் அரை நிமிடத்திலேயே மீண்டுவிடும். மூன்று முதல் ஐந்து நிமிடத்தில் ஏறத்தாழ முழுதும் திரும்பிவிடும்.

உள்ளரங்கக் கால்பந்தில் ஆட்களை மாற்றும் விதி இந்தக் கணக்கோடு அச்சாகப் பொருந்துகிறது. ஹாக்கியில் இருந்து எடுத்த விதி அது. எத்தனை தடவை வேண்டுமானாலும், ஆட்டத்தை நிறுத்தாமலே ஆளை மாற்றலாம். ஒன்றிரண்டு நிமிடம் உயிரைக் கொடுத்து ஓடிவிட்டு பெஞ்சுக்கு வருவார்கள், அடுத்த செட் உள்ளே குதிக்கும். மாற்றும் நேரத்தைத் தேர்ந்தெடுப்பதே தனிக் கலை. பந்து எதிரணியின் மூலையில் இருக்கும்போது மாற்றினால் ஆபத்தில்லை. பந்து நம் பக்கம் திரும்பிய நொடியில் மாற்றினால், பெஞ்சுக்கு ஓடுகிறவரின் முதுகுக்குப் பின்னால் கோல் விழுந்திருக்கும்.

கோல்கீப்பரின் நிலைமைதான் பாவம். அந்த லீக்கில் கோல் 12 அடி அகலம், ஆறரை அடி உயரம். வெளித்திடல் கோலின் பரப்பில் நாற்பது சதவீதம்தான். ஆனால் அடி வருவது ஒன்பது மீட்டரில் இருந்து. வினாடிக்கு 25 மீட்டர் வேகத்தில் வரும் பந்துக்கு 0.36 வினாடி போதும். கண் பார்த்து மூளை முடிவெடுக்கவே சுமார் 0.2 வினாடி ஆகிவிடும். உடலை அசைக்க மிஞ்சுவது ஆறில் ஒரு பங்கு வினாடி. பாய்ந்து பிடிக்க நேரமில்லை என்பதால் முன்னேறி வந்து, கைகால்களை விரித்து, கோணத்தை அடைத்து நிற்பதுதான் வழி. தடுத்தாலும் வேலை முடியாது. கோலைத் தவறவிட்ட பந்தையும் பின்சுவர் மறுபடி களத்துக்கே அனுப்பிவிடும்.

தவறு செய்தவரை இரண்டு நிமிடம் வெளியே உட்கார வைப்பதும் ஹாக்கி வழக்கம்தான். களத்தில் ஓடும் ஐந்து பேரில் ஒருவர் போனால் அணியின் ஐந்தில் ஒரு பங்கு போகிறது. வெளித்திடலில் சிவப்பு அட்டை வாங்கினால் போவது பத்தில் ஒன்று.

சீசன் நடப்பது குளிர்காலத்தில். அதே அரங்கில் ஹாக்கியும் கூடைப்பந்தும் நடக்கும். ஹாக்கி அரங்குகளில் பனியை உருக்குவதில்லை. அதன் மேல் வெப்பம் கடத்தாத பலகைகளை அடுக்கி, சுருள் சுருளாகப் புல்விரிப்பைப் போட்டுவிடுவார்கள். மெல்லிய விரிப்பு, அடியில் கெட்டித்தளம். இதில் ஷூ நன்றாகப் பிடித்துக்கொள்ளும், உடல் திரும்பும், பாதம் திரும்பாது. அந்த முறுக்கு முழுவதும் முழங்காலுக்குப் போகும். சறுக்கி விழுந்தால் தோல் உரியும். இதே பாணியில் 2014இல் இருந்து நடக்கும் மேஜர் அரீனா சாக்கர் லீக்கில் பயணச் செலவைக் குறைக்க வார இறுதியில் அடுத்தடுத்த நாள் ஆட்டம் வைப்பது வழக்கம். தசையில் தீர்ந்த கிளைகோஜன், அதாவது சேமித்து வைத்த சர்க்கரை, மறுபடி நிரம்ப ஒரு நாளாவது வேண்டும். அதனால் இரண்டாம் நாள் பெஞ்சின் நீளம்தான், அதாவது மாற்று ஆட்கள் எத்தனை பேர் என்பதுதான், பேசும்.

இனி கோல் எண்ணிக்கைக்கு வருவோம். விழும் கோல்களில் சராசரியாக 60 சதவீதத்தைப் போடும் அணி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆட்டத்துக்கு மொத்தம் இரண்டரை கோல்தான் விழும் என்றால், நிகழ்தகவுக் கணக்குப்படி அந்த அணி ஏறத்தாழ பாதி ஆட்டங்களில்தான் வெல்லும். மீதி சமனிலும் தோல்வியிலும் போகும். அதே அணி, மொத்தம் 12 கோல் விழும் ஆட்டத்தில் பத்துக்கு ஏழு தடவை வெல்லும். கோல் கூடக் கூட, அதிர்ஷ்டத்துக்கு இடம் குறைகிறது. 24 ஆட்டம் கொண்ட சின்ன சீசனே நல்ல அணி எது என்று காட்டிவிடும்.

ஆரோஸ் 1979 முதல் 1982 வரை தொடர்ந்து நான்கு கோப்பை வென்றது. தொடக்கத்தில் அணிகள் குறைவு என்பதும் அதற்கு ஒரு காரணம். ஆனால் பத்துக்கும் மேற்பட்ட அணிகள் ஆடிய மேஜர் அரீனா சாக்கர் லீக்கிலும் பால்டிமோர் பிளாஸ்ட் 2016, 2017, 2018 என்று மூன்று முறை தொடர்ந்து வென்றிருக்கிறது.