ஓட்டு பிரிந்தது சரி, எவ்வளவு பிரிந்தது?

2019 ஜூன் 6ஆம் தேதி இங்கிலாந்தின் பீட்டர்பரோ தொகுதியில் இடைத்தேர்தல். நள்ளிரவு தாண்டி முடிவு வந்தது. தொழிலாளர் கட்சியின் லிசா ஃபோர்ப்ஸ் 10,484 ஓட்டு. நைஜல் ஃபராஜின் பிரெக்ஸிட் கட்சி சார்பில் நின்ற மைக் கிரீன் 9,801. கன்சர்வேட்டிவ் வேட்பாளர் பால் பிரிஸ்டோ 7,243. வெறும் 683 ஓட்டு வித்தியாசத்தில் தொழிலாளர் கட்சி ஜெயித்தது.

பிரெக்ஸிட், கன்சர்வேட்டிவ் என்ற வலதுசாரிக் கட்சிகள் இரண்டும் வாங்கியதைக் கூட்டினால் 17,044 வருகிறது. பதிவான ஓட்டில் பாதிக்கும் மேல். 2016 வாக்கெடுப்பில் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு பிரிட்டன் வெளியேற வேண்டும் (அதுதான் பிரெக்ஸிட்) என்று 61 சதவீதம் பேர் சொன்ன ஊர் அது. அங்கே 31 சதவீத ஓட்டு வாங்கியவர் எம்.பி. ஆனார். அதிக ஓட்டு வாங்கியவரே வென்றவர், பாதியைத் தாண்ட வேண்டியதில்லை என்பதுதான் பிரிட்டனின் நாடாளுமன்றத் தேர்தல் விதி.

‘ஓட்டு பிரிந்ததால் தோற்றார்கள்’ என்று எல்லோரும் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அந்தக் கூட்டல் கணக்குக்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. ஒரு கட்சி விலகினால் அதன் ஓட்டு முழுவதும் மற்றதற்கு அப்படியே போய்ச் சேரும் என்ற அனுமானம். அது உண்மையா என்று ஓட்டுச்சீட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. பிரிட்டிஷ் வாக்குச்சாவடியில் கயிற்றில் கட்டிய பென்சிலால் ஒரு பெயருக்கு எதிரே ஒரு பெருக்கல் குறி போடுகிறார்கள், அவ்வளவுதான். ‘இவர் இல்லையென்றால் யார்?’ என்று அந்தச் சீட்டு கேட்பதில்லை.

அதனால் கூட்டுவதற்குப் பதில் வேறொரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். விலகியிருக்க வேண்டிய கட்சியின் ஓட்டில் எத்தனை சதவீதம் நிகரமாக வந்திருந்தால் முடிவு மாறியிருக்கும்? ‘நிகரமாக’ என்ற சொல் இங்கே முக்கியம். விலகிய கட்சிக்காரர்கள் 100 பேரில் 60 பேர் நம் பக்கம் வந்து, 10 பேர் எதிராளிக்குப் போட்டு, மீதி 30 பேர் வீட்டிலேயே இருந்துவிட்டால் நமக்கு லாபம் 50தான்.

பீட்டர்பரோவில் கன்சர்வேட்டிவ் வேட்பாளர் இல்லாமல் இருந்திருந்தால், அவருடைய ஓட்டில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக வந்திருந்தாலே கிரீன் ஜெயித்திருப்பார். மாறாக, பிரெக்ஸிட் கட்சி விலகியிருந்தால் பிரிஸ்டோவுக்கு அதன் ஓட்டில் மூன்றில் ஒரு பங்கு போதும். அதே ஆண்டு ஆகஸ்ட் 1ஆம் தேதி வேல்ஸின் பிரெக்கன்–ராட்னர்ஷயர் தொகுதியில் கையிலிருந்த தொகுதியை கன்சர்வேட்டிவ் கட்சி 1,425 ஓட்டில் லிபரல் டெமாக்ரட் கட்சியிடம் இழந்தது. பிரெக்ஸிட் கட்சி வாங்கியது 3,331. தேவை 43 சதவீதம். நான் மேலே சொன்ன 60க்கு 10 என்ற கணக்கே போதும், தொகுதி கைமாறியிருக்காது. அங்கே பிரெக்ஸிட்டை எதிர்த்த பக்கம் கற்ற பாடத்தையும் கவனியுங்கள். வேல்ஸ் தேசியக் கட்சியான பிளைட் கம்ரியும் பசுமைக் கட்சியும் லிபரல் டெமாக்ரட்டுக்காக ஒதுங்கி நின்றன.

இப்போது 2024 பிப்ரவரியில் நடந்த கிங்ஸ்வுட் இடைத்தேர்தலுக்கு வருவோம். தொழிலாளர் கட்சி 11,176, அப்போது ஆளுங்கட்சியான கன்சர்வேட்டிவ் 8,675, பிரெக்ஸிட் கட்சியின் புதுப் பெயரான ரிஃபார்ம் யுகே 2,578. பின்னவை இரண்டையும் கூட்டினால் 77 ஓட்டு அதிகம். ஆனால் முடிவை மாற்ற ரிஃபார்ம் ஓட்டில் 97 சதவீதம் நிகரமாக வந்திருக்க வேண்டும். ஆளுங்கட்சி மேல் கோபத்தில் புதுக் கட்சிக்குப் போட்டவர்களில் நூற்றுக்கு 97 பேர் அதே ஆளுங்கட்சிக்குத் திரும்புவார்களா? நடக்காத காரியம். 9 சதவீதத்தையும் 97 சதவீதத்தையும் ‘ஓட்டுப் பிரிப்பு’ என்ற ஒரே பெயரால் அழைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. முதலாவது தேர்தல் முறை உண்டாக்கிய தோல்வி. இரண்டாவதில் மக்கள் ஆளுங்கட்சியை விட்டே போய்விட்டார்கள்.

பீட்டர்பரோவிலும் இந்தக் கலப்பு உண்டு. 2017 பொதுத்தேர்தலிலிருந்து கன்சர்வேட்டிவ் பங்கு 47இலிருந்து 21 சதவீதமாகச் சரிந்தது உண்மை. தொழிலாளர் கட்சியும் 48இலிருந்து 31க்கு இறங்கியதே! பிரெக்ஸிட் கட்சி பிரித்தது ஒரு பக்கத்து ஓட்டை மட்டும்தான் என்று சொல்ல முடியாது.

அப்படியானால் இரண்டு கட்சிகளும் பேசி ஒருவரை நிறுத்தக் கூடாதா? இடைத்தேர்தலில் அது கஷ்டம். பெரும்பாலும் ஒரு தொகுதியால் ஆட்சி மாறாது, அதனால் வாக்காளர் பயமில்லாமல் கோபத்தைக் காட்டலாம். புதுக் கட்சிக்கோ பழைய கட்சியைத் தோற்கடித்தால்தான் ‘இனி நாங்கள்தான் மாற்று’ என்று காட்ட முடியும். பொதுத்தேர்தலில் பயம் வந்துவிடுகிறது. 2019 நவம்பரில் கன்சர்வேட்டிவ்கள் 2017இல் வென்ற 317 தொகுதிகளிலிருந்தும் ஃபராஜ் விலகினார். அந்தப் பட்டியலில் இல்லாத பீட்டர்பரோவில் கிரீன் மறுபடி நின்றார். ஆனால் கட்சி சொல்லாமலேயே அவருடைய ஆட்கள் கரைந்துபோனார்கள். 4 சதவீதம்தான் கிடைத்தது. பிரிஸ்டோ எம்.பி. ஆனார்.

அந்த ஊரில் இரண்டாவது விருப்பத்தைக் கேட்ட ஓட்டுச்சீட்டு ஒன்றும் இருந்தது, மேயர் தேர்தலில். 2021இல் கேம்பிரிட்ஜ்ஷயர்–பீட்டர்பரோ மேயர் பதவிக்கு முதல் எண்ணிக்கையில் முந்திய கன்சர்வேட்டிவ், இரண்டாவது விருப்பங்களைச் சேர்த்ததும் தோற்றார். அடுத்த ஆண்டே கன்சர்வேட்டிவ் அரசு கொண்டுவந்த சட்டம் அந்த முறையை நீக்கியது. 2025 மே மாதம் எம்.பி. தேர்தல் போலவே ஒரே குறியோடு மேயர் தேர்தல் நடந்தது. ரிஃபார்ம் இரண்டாவதாக வந்து வலதுசாரி ஓட்டைப் பிரித்தது. எதிர்ப்பக்க ஓட்டோ தொழிலாளர், லிபரல் டெமாக்ரட், பசுமை என்று மூன்றாகச் சிதறியது. 28 சதவீத ஓட்டோடு மேயரானவர் பால் பிரிஸ்டோ.