தலை முங்கத் தண்ணீர் போதும்: செட்டிநாட்டுக் கொல்லையில் வாத்து

சித்திரையில் கண்மாய் வெடித்துக் கிடக்கிற சீமையில் வாத்து வளர்க்கலாமா என்று காரைக்குடிப் பக்கம் கேட்டால் சிரிப்பார்கள். வாத்து என்றாலே தஞ்சாவூர் வயலும் குட்டநாட்டு வாய்க்காலும்தான் நினைவுக்கு வரும். அறுத்த வயலில் நூற்றுக்கணக்கில் ஓட்டிக்கொண்டு போகிற மந்தையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, ஏழெட்டு வாத்தைக் கொல்லையில் கிணற்றடித் தண்ணீரை நம்பி வளர்ப்பது விளையாட்டாகத்தான் தெரியும். ஆனால் வாத்தின் உடம்பு எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால், அதற்குக் குளம் கட்டாயமில்லை. தலை முங்குகிற ஆழத்தில், தினமும் மாற்றிய தண்ணீர்தான் கட்டாயம். வளர்ந்த வாத்துக்கு ஆறங்குல ஆழம் போதும். பழைய சிமெண்டுத் தொட்டி, வாய் அகன்ற பிளாஸ்டிக் டப்பு, எதுவானாலும் சரி.

ஏன் தலை முங்க வேண்டும்? குழைத்த தவிட்டை வைத்துவிட்டுப் பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து பாருங்கள். இரண்டு வாய் தின்னும், தண்ணீருக்கு ஓடும், அலகை முக்கி உதறும், மறுபடி தவிட்டுக்கு வரும். கால் மணி நேரத்தில் தட்டுக்கும் தொட்டிக்கும் நடுவில் சேறாகிவிடும். பார்க்கிறவர்களுக்குச் சேட்டையாகத் தெரிகிற இந்த ஓட்டத்துக்குக் காரணம் உண்டு. கோழிக்கு இருப்பதுபோல இரையைத் தேக்கி ஊறவைக்கிற முழுமையான இரைப்பை வாத்தின் கழுத்தில் கிடையாது. உணவுக்குழாயே கொஞ்சம் விரிந்துகொடுக்கும், அவ்வளவுதான். காய்ந்த தீவனம் அங்கே அடைத்துக்கொண்டால் மூச்சுத் திணறும்.

அலகைத் திறந்து பார்த்தால் உள் ஓரங்களில் மெல்லிய தகடுகள் நெருக்கமாக வரிசைகட்டி நிற்கும். நாக்கு அடிபம்பு மாதிரி முன்னும் பின்னும் போய்வந்து, நுனி வழியாகத் தண்ணீரை இழுத்து, பக்கவாட்டுத் தகடுகள் வழியாக வெளியே தள்ளும். தண்ணீர் போய்விடும், விதை, புழு, குட்டி நத்தை எல்லாம் உள்ளே தங்கிவிடும். அலகு நுனியில் தொடு உணர்வுக்கான நரம்பு முனைகள் அடர்ந்திருப்பதால், கலங்கிய சேற்றில் கண்ணே தெரியாவிட்டாலும் எது கல், எது நத்தை என்று பிரித்துவிடும். இந்தத் தகடுகளில் தவிடு காய்ந்து ஒட்டினால் வடிகட்டி அடைபடும். மூக்குத் துளையில் தீவனம் ஏறினால் தண்ணீருக்குள் முக்கி ஊதித்தான் வெளியே தள்ளும். கண்ணைக் கழுவுவதும் அதே முங்கலில்தான். கோழிக்கு வைக்கிற ஆழமில்லாத தண்ணீர்க் குடுவையையே வாத்துக்கும் வைத்துவிட்டு, கண்ணோரம் நுரை கட்டுகிறதென்று மருந்துக் கடைக்கு ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். முதலில் குடுவையை மாற்றிப் பார்ப்பது நல்லது.

இறகுக்கும் இதே தண்ணீர்தான் வைத்தியம். வாத்து நனையாமல் இருப்பதற்கு எண்ணெய்தான் காரணம் என்று பொதுவாகச் சொல்கிறோம். அது பாதிக் கதை. ஒவ்வொரு இறகும் கிளை பிரிந்து, அந்தக் கிளைகளிலிருந்து நுண்ணிய இழைகள் பிரிந்து, அவை கொக்கி போட்டு ஒன்றையொன்று பிடித்திருக்கும். அந்தப் பின்னலின் இடைவெளி மிகச் சிறியது என்பதால் தண்ணீர் உள்ளே இறங்காமல் முத்தாக மேலேயே நின்றுவிடும். அடியில் சிக்கிய காற்று மிதக்கவும் உதவுகிறது, உடம்புச் சூட்டையும் காக்கிறது. வாலடியின் மேற்புறத்தில் ஒரு சுரப்பி இருக்கிறது. வாத்து அதை அலகால் பிதுக்கி, வருகிற மெழுகை உடம்பெல்லாம் பூசிக்கொள்ளும். அந்த மெழுகு இறகு முறியாமல், வறளாமல் இருக்கச் செய்து பின்னலைக் காப்பாற்றுகிறது. குளிக்க வழியில்லாத வாத்தின் இறகில் அழுக்கு ஏறி, கொக்கிகள் விட்டுப்போகும். அப்படிப்பட்ட வாத்தைத் திடீரென்று கண்மாயில் இறக்கினால் பஞ்சு மாதிரி ஊறிவிடும்.

குஞ்சுக்கு இந்தப் பின்னலே இன்னும் வரவில்லை. மேலே இருப்பது வெறும் தூவி. முழு இறகு மூட ஏழெட்டு வாரம் ஆகும். தாயோடு போகிற குஞ்சு முதல் நாளே நீந்துகிறதே என்று கேட்கலாம். நீந்தும். ஆனால் சிறிது நேரத்தில் கரையேறித் தாயின் வயிற்றடியில் புகுந்து காய்ந்துகொள்ளும், சூடும் ஏற்றிக்கொள்ளும். தாயில்லாத குஞ்சுக்கு அந்த அடுப்பு இல்லை. காற்றைவிட இருபது மடங்குக்கும் மேல் வேகமாகத் தண்ணீர் சூட்டை உறிஞ்சும். 50 கிராம் உடம்பில் தேக்கிவைத்த சூடு எவ்வளவு இருந்துவிடும்? அதனால்தான் டப்பில் விட்ட குஞ்சுகள் மூழ்காமலே, குளிரிலேயே செத்துப்போகின்றன. முதல் இரண்டு வாரம் அலகு முங்குகிற அளவு தண்ணீர், அதிலும் நான்கைந்து கூழாங்கல். குஞ்சு முழு உடம்போடு இறங்க இடம் இருக்கக் கூடாது.

குஞ்சு எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். அதிகமாக முட்டையிடுவதற்காகவே தேர்ந்தெடுத்து வளர்த்த வாத்து இனங்களுக்கு அடை உட்காரும் குணம் குறைந்துவிட்டது. ஆகவே அடைக்கோழியின் வயிற்றில் வாத்து முட்டையை வைப்பது நம் பக்கத்துப் பழைய வழக்கம். கானாடுகாத்தான் பக்கம் ஒரு வீட்டுக் கொல்லையில், கூடையை விட்டு எழுந்து எழுந்து போன கோழியைப் பார்த்து, "என்ன அத்தை, முட்டை கூமுட்டையாப் போச்சா?" என்று கேட்டேன். "கோழிக்கு இருபத்தோரு நாள்தாம்ப்பா கணக்கு. வாத்துக்கு இருபத்தெட்டு ஆகும்ல? அதான் சலிச்சுப்போச்சு" என்றார். கோழிக்குப் பக்கத்திலேயே தண்ணீரும் கம்பும் வைத்துச் சமாதானம் செய்துகொண்டிருந்தார். மணிலா வாத்து என்றால் இன்னும் மோசம், 35 நாள். அது தென் அமெரிக்கப் பூர்வீகம். மற்ற வீட்டு வாத்துகள் எல்லாம் வேறொரு காட்டு வாத்தின் வழி வந்தவை. நல்லவேளையாக மணிலா வாத்து தானே நன்றாக அடை உட்காரும்.

கடைசி வாரத்தில் அத்தை தினமும் ஒரு முறை முட்டைகள் மேல் வெதுவெதுப்பான தண்ணீரைத் தெளித்தார். தாய் வாத்து இரை தேடிப் போய் ஈர இறகோடு திரும்பி வந்து உட்காரும். அந்த ஈரம் கோழியிடம் கிடைக்காது. காற்று வறண்டிருந்தால் முட்டையின் உள்சவ்வு தோல்போலக் காய்ந்து குஞ்சோடு ஒட்டிக்கொள்ளும். ஓட்டில் துளை போட்ட குஞ்சு சுற்றிவர முடியாமல் உள்ளேயே செத்துவிடும். பங்குனி வெயிலில் இது நடப்பது சகஜம்.

பொரித்த குஞ்சு முதலில் எதைப் பார்க்கிறதோ அதன் பின்னால் போகும். கொன்ராட் லோரென்ஸ் வாத்தினப் பறவைகளில் இதை விரிவாக ஆராய்ந்தார். 1973இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் அவரும் ஒருவர். எக்கார்ட் ஹெஸ் காட்டு வாத்துக் குஞ்சுகளை வைத்துச் சோதித்தபோது, பொரித்த 13 முதல் 16 மணி நேரத்துக்குள் பின்னால் போகிற இந்தப் பழக்கம் மனதில் மிக வலுவாகப் பதிவது தெரிந்தது. கடையில் வாங்கிய குஞ்சை மூன்றாம் நாள் கோழியிடம் விட்டால் இரண்டு பக்கமும் ஒட்டாமல் போவதற்கு இதுவே முக்கியமான காரணம்.

தாயில்லாக் குஞ்சுக்கு முதல் வாரம் 32 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். நம் ஊர்க் கோடையில் பகலில் பல்பு போட்டால் வெந்துவிடும், பின்னிரவில் மட்டும் போதும். வெப்பமானி இல்லையென்றாலும் குஞ்சே சொல்லும்: ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவிந்தால் குளிர், பல்பை விட்டு விலகி வாயைப் பிளந்தால் சூடு. தரையைக் கவனிக்காமல் விடுபவர்கள்தான் அதிகம். ஆத்தங்குடிக் கல் பதித்த பின்கட்டில், வழவழப்பான தரையில், அல்லது செய்தித்தாள் விரித்த பெட்டியில் குஞ்சுகளை விட்டால் கால்கள் இருபக்கமும் வழுக்கி விரியும். எலும்பும் தசைநாரும் இன்னும் இறுகாத வயது. சில நாள் விரிந்தபடியே இருந்தால் இடுப்பு மூட்டு அப்படியே நிலைத்துவிடும். ஒரு சாக்கை விரித்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

கால் வளைவதற்கு இன்னொரு காரணம் தட்டில் இருக்கிறது. நயாசின் என்கிற பி வைட்டமின் வாத்துக் குஞ்சுக்கு ஒரு கிலோ தீவனத்தில் 55 மில்லிகிராம் அளவு தேவை. முட்டைக்கோழிக் குஞ்சுக்கு அதில் பாதி போதும். பெரும்பாலான விலங்குகள் டிரிப்டோபன் என்ற அமினோ அமிலத்திலிருந்து கொஞ்சம் நயாசினைத் தாமே செய்துகொள்ளும். வாத்தின் ஈரலில் உள்ள ஒரு நொதி அந்தப் பாதையை வேறு பக்கம் திருப்பிவிடுகிறது. மக்காச்சோளத்தில் நயாசின் இருந்தும் கட்டுண்டு கிடப்பதால் குடலில் இறங்காது. தீட்டிய நொய்யரிசியில் அதிகமாக இல்லை. ஆகவே கோழிக்குஞ்சுத் தீவனமும் நொய்யும் மட்டும் தின்ற குஞ்சுக்குப் பத்துப் பதினைந்து நாளில் கணுக்கால் மூட்டு (முழங்கால்போலத் தெரிவது) வீங்கும், நடை தள்ளாடும், பிறகு உட்கார்ந்துகொண்டே நகரும். பி காம்ப்ளெக்ஸ் மருந்தைக் குடிநீரில் கலந்து தொடக்கத்திலேயே கொடுத்தால் பல குஞ்சுகள் தேறும். நத்தை, உப்பிடாத சின்ன மீன் இரண்டும் நல்ல இரை.

கடலைப் புண்ணாக்கிலும் நயாசின் உண்டு. செக்கடிப் புண்ணாக்கு எளிதாகக் கிடைக்கிற ஊரில் இதைத்தான் எல்லோரும் முதலில் நினைப்பார்கள். இங்கேதான் நான் கையைப் பிடித்து நிறுத்துவேன். 1960இல் இங்கிலாந்தில் லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் திடீரென்று செத்தன. கிருமி எதுவும் அகப்படவில்லை. செத்த பண்ணைகளுக்குப் பொதுவாக இருந்தது பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கு. அதில் வளர்ந்த ஒரு பூஞ்சை சுரந்த நஞ்சுக்குத்தான் அஃப்ளாடாக்சின் என்று பெயர் வைத்தார்கள். அந்த நஞ்சைப் பிரித்தெடுக்க ஆய்வகத்தில் சோதனைக்கு வைத்த பிராணி, ஒரு நாள் வயது வாத்துக்குஞ்சு. ஏனென்றால் அவ்வளவு குறைந்த அளவுக்கு அவ்வளவு சீக்கிரம் ஈரல் கெடுகிற பிராணி வேறெதுவும் எளிதில் கிடைக்கவில்லை. அதன் முக்கிய வகை, ஒரு மில்லிகிராமில் ஐம்பதில் ஒரு பங்கு அளவே, 50 கிராம் குஞ்சுகளில் பாதியைக் கொன்றுவிடும். கோழிக்குஞ்சு அதைவிடப் பல மடங்கு தாங்கும். பக்கத்துக் கூட்டில் கோழி அதே புண்ணாக்கைத் தின்று நடமாடும்போது வாத்துக்குஞ்சு மட்டும் விழுவதற்குக் காரணம் இதுவாக இருக்கலாம். கொதிக்க வைத்தாலும் இந்த நஞ்சு போகாது. பூசணவாடை அடிக்கிற புண்ணாக்கை மாட்டுக்கும் போடாதீர்கள். ஐப்பசி மழையில் சாக்கோடு ஈரம் ஏறியதைக் குஞ்சுக்குக் காட்டவே வேண்டாம்.

இராக்காவலுக்கு வருவோம். கீரிப்பிள்ளை, வெருகு, தெருநாய் மூன்றும் உண்டு; அடிச்சுவரில் விரலளவு சந்துகூட இல்லாத கூடு வேண்டும். வாத்து தானும் காவல் இருக்கும். 1999இல் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வில் காட்டு வாத்துகளை வரிசையாகத் தூங்கவிட்டு மூளை அலைகளைப் பதிவு செய்தார்கள். நடுவில் இருந்தவை பெரும்பாலும் இரு கண்ணையும் மூடித் தூங்கின. ஓரத்தில் இருந்தவை அவற்றைவிட அதிக நேரம் வெளிப்பக்கக் கண்ணைத் திறந்து வைத்து, மூளையின் ஒரு பாதியை மட்டும் உறங்கவிட்டன. ஒற்றை வாத்து எல்லாப் பக்கமும் ஓரம்தான். ஆகவே நான்குக்குக் குறையாமல் வைத்துக்கொள்வது நல்லது.

கோடையில் வாத்துக்கு வியர்க்காது. வாயைப் பிளந்து இளைத்தும், காலிலும் அலகிலும் இரத்தத்தைப் பாய்ச்சியும்தான் சூட்டை விடும். நிழலில் கணுக்கால் அளவு தண்ணீர் வைத்தால் அதில் போய் நின்றுகொள்ளும். தொட்டியில் கழித்த தண்ணீர் வாழைக்குப் போகட்டும். அதைவிட நல்ல உரம் வாங்கிக் கிடைக்காது. ஊருணியில் மட்டும் இறக்காதீர்கள், அது குடிதண்ணீர். கண்மாய் என்றால் மழைக்காலத்தில் விடலாம், வற்றுகிற காலத்தில் கூடாது. செத்த மீனும் அழுகிய பாசியும் கலந்த சூடான சேற்றில், காற்று புகாத இடத்தில் பெருகும் பாக்டீரியா நரம்பை முடக்கும் நஞ்சைச் சுரக்கும். பிணத்தில் நெளிகிற புழு அந்த நஞ்சைத் தாங்கிக்கொள்ளும். அந்தப் புழுவைத் தின்ற வாத்துக்குக் கழுத்து தொங்கிவிடும், தண்ணீரில் இருந்தால் மூக்கு முங்கிச் சாகும். வலசைப் பறவைகள் வருகிற வேட்டங்குடி போன்ற கண்மாய்களின் பக்கம் வீட்டு வாத்தை ஓட்டாமல் இருப்பதும் நல்லது. பறவைக் காய்ச்சல் வைரஸை வாத்து நோவில்லாமலே சுமந்து வந்து கோழிக்கூட்டில் விட்டுவிடக்கூடும். வாத்து பிளேக் தடுப்பூசியைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுப் போட்டுவிடுங்கள்.

காலை எட்டு, ஒன்பது மணிக்கு முன் கூட்டைத் திறக்க வேண்டாம். வாத்து விடியற்காலையில்தான் முட்டையிடும். முன்னதாகத் திறந்துவிட்டால் முட்டை புதரில்தான். இரண்டு மாதத்தில் குரல் பிரிந்துவிடும்: உரக்கக் கத்துவது பெட்டை, தொண்டை கட்டினதுபோல் கரகரப்பது ஆண். மூன்று, நான்கு மாதத்தில் ஆணுக்கு வாலில் ஓரிரு இறகு சுருண்டு நிற்கும் (மணிலா வாத்துக்கு இந்தச் சுருள் வராது). ஐந்தாறு பெட்டைக்கு ஓர் ஆண் போதும். கூடினால் பெட்டைகளின் பிடரி இறகெல்லாம் பிய்ந்துபோகும். கோழியிடம் வளர்ந்த ஆண் வாத்து கோழியையே மிதிக்கப் பார்க்கும். பெரும்பாலான பறவைகளுக்கு இல்லாத ஆண்குறி வாத்துக்கு உண்டு, அதனால் கோழிக்கு உள்காயம் படும். உபரி ஆணைச் சீக்கிரம் பிரித்துவிடுவதே நல்லது. பிரித்ததை என்ன செய்வதென்று செட்டிநாட்டு அடுப்படிக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.