வீட்டை விட்டுத் தள்ளி நிற்கும் கார் ஷெட்டுக்கு மின்சாரம் கொண்டுபோகும்போது

சென்ற ஐப்பசி மழையில் ஒரு வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. கொல்லையில் இருக்கும் கார் ஷெட்டின் இரும்புக் கதவைத் தொட்டால் கை சுர்ரென்கிறது என்றார்கள். போய்ப் பார்த்தபோது, சமையலறைப் பிளக் பாயிண்ட்டிலிருந்து புறப்பட்ட இரண்டு கோர் (உட்கம்பி) ஒயர் ஒன்று, துணி காயப்போடும் கொடிக்கம்பியோடு சேர்த்துக் கட்டப்பட்டு, ஷெட்டின் தகரக் கூரை விளிம்பை உரசிக்கொண்டு உள்ளே இறங்கியிருந்தது. காற்றில் ஆடி ஆடித் தகரத்தின் கூரில் ஒயரின் மேலுறை அறுபட்டு, மின்சாரம் வரும் பேஸ் கம்பி கூரையைத் தொட்டுவிட்டது. கூரை, தூண், கதவு அனைத்திலும் மின்சாரம் ஏறியிருந்தது. கொடிக்கம்பியின் மறுமுனையும் அந்த ஷெட் தூணில்தான் கட்டியிருந்தது. மழை என்பதால் அன்று யாரும் துணி காயப்போடவில்லை.

"எம்.சி.பி. போட்டிருக்கிறோமே, அது ஏன் விழவில்லை?" என்று வீட்டுக்காரர் கேட்டார். இந்தக் கேள்வியை நான் போகும் வீடுகளில் அடிக்கடி கேட்கிறேன். எம்.சி.பி. என்பது தானாகவே விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்; அது ஒயரைக் காப்பதற்காக வைக்கப்படுவது. அளவுக்கு மீறிய லோடு வந்தாலோ ஷார்ட் சர்க்யூட் ஆனாலோதான் அது விழும். ஷெட்டின் தூண்கள் காங்கிரீட் பீடத்தின் மேல் நின்றதால், மண்ணுக்குள் இறங்கிய மின்னோட்டம் மிகச் சொற்பம். ஈரக் கையோடு ஒருவர் கதவைத் தொட்டிருந்தால் அவர் உடல் வழியாக ஏறத்தாழ 100 முதல் 200 மில்லி ஆம்பியர் வரை பாய்ந்திருக்கும். உயிரைப் பறிக்க அது போதும். ஆனால் 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அது ஒரு பொருட்டே அல்ல.

எர்த் குழி தோண்டி உப்பும் கரியும் போட்டாயிற்று, இனிப் பயமில்லை என்று நினைப்பவர்களும் உண்டு. அந்தக் குழியின் மின்தடை 10 ஓம் என்று வைத்துக்கொண்டால், 230 வோல்ட்டில் அதன் வழியாகப் போகக்கூடியது 23 ஆம்பியர் மட்டுமே. அந்த அளவுக்கு 16 ஆம்பியர் எம்.சி.பி. உடனே விழாது, ஒரு மணி நேரம்கூட அப்படியே நிற்கக்கூடும். அதுவரை ஷெட்டின் இரும்பில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். ஆகவே எர்த்தும் வேண்டும், அதோடு 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் வேண்டும். அதை ஷெட்டுக்குள் வைக்காமல், வீட்டு மெயின் போர்டில் ஷெட்டுக்கான லைன் புறப்படும் இடத்திலேயே வைக்கச் சொல்கிறேன். அப்போதுதான் இடையில் ஓடும் கேபிளும் அதன் காவலுக்குள் வரும்.

ஷெட்டுக்கான லைன் மெயின் போர்டிலிருந்து தனியாகப் புறப்பட வேண்டும், வழியிலுள்ள ஏதோ ஒரு பிளக்கிலிருந்து அல்ல. ஷெட் என்றால் ஒரு பல்பு எரிந்தால் போதும் என்றிருந்த காலம் போய், மின்சார ஸ்கூட்டர், காற்றடிக்கும் மோட்டார், டிரில்லிங் மெஷின் என்று அங்கே லோடு ஏறிவிட்டது. 25 மீட்டர் தூரத்துக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் 16 ஆம்பியர் இழுத்தால், போக வர 50 மீட்டர் கம்பியில் மட்டும் ஏறத்தாழ 10 வோல்ட் குறைந்துவிடும்; ஒயரும் சூடேறும். அதே தூரத்துக்கு 4 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு 4 வோல்ட்டுக்குள் அடங்கிவிடுகிறது. கேபிளில் எர்த்துக்கென மூன்றாவது கோர் கட்டாயம் இருக்க வேண்டும். அது வீட்டு எர்த்திலிருந்து வந்து, ஷெட்டருகே போட்ட எர்த்தோடும் இரும்புச் சட்டத்தோடும் இணைய வேண்டும். செலவை மிச்சம் பிடிக்க பேஸை மட்டும் இழுத்துவந்து, எர்த் கம்பியையே நியூட்ரலாக (மின்சாரம் திரும்பிப் போகும் கம்பியாக) பயன்படுத்தி விளக்கெரிய வைத்த இடங்களை நானே பார்த்திருக்கிறேன். அந்தக் கம்பி எங்காவது அறுந்தால் எர்த்தோடு இணைந்த இரும்பெல்லாம் ஷாக் அடிக்கும். தயவுசெய்து யார் சொன்னாலும் இதற்கு உடன்படாதீர்கள்.

விளக்கைக் கூரையின் நடுவில் ஒன்றாகப் போட்டால், பானெட்டைத் திறந்து குனிந்ததும் நம் நிழலே இஞ்சின் மீது விழும். வண்டியின் இரு பக்கத்திலும் பக்கத்துக்கொன்றாக நான்கடி எல்.இ.டி. டியூப் போடுவது நல்லது. வீட்டுப் பின்வாசலிலிருந்தும் ஷெட்டிலிருந்தும் அந்த விளக்கைப் போட்டு அணைக்க டூ-வே சுவிட்ச் வைப்பதானால், பேஸும் நியூட்ரலும் ஒரே சர்க்யூட்டிலிருந்து வர வேண்டும். பேஸை வீட்டுச் சர்க்யூட்டிலிருந்தும் நியூட்ரலை ஷெட் சர்க்யூட்டிலிருந்தும் எடுத்தால், போன மின்னோட்டம் அதே வழியில் திரும்பாததைக் கசிவென்று எடுத்துக்கொண்டு, விளக்கைப் போட்டவுடன் ஆர்.சி.சி.பி. விழும், பிறகு வீட்டுக்காரர் கோபத்தில் அதையே கழற்றிவிடச் சொல்வார். பெட்ரோல் ஆவி காற்றை விடக் கனமானது, தரையோடு தங்கும். அதனால் பிளக் பாயிண்ட்டுகளை மார்பளவு உயரத்துக்குக் கீழே நான் வைப்பதில்லை.

கேபிளை மண்ணுக்குள் கொண்டுபோவதே என் விருப்பம். ஆர்மர்டு கேபிளை இரண்டரை அடி ஆழத்தில் மணல் மெத்தையில் இட்டு, மேலே செங்கல் அடுக்கி மூட வேண்டும். அதன் இரும்புக் கவசத்தையும் எர்த்தில் சேர்க்க வேண்டும். பள்ளத்தை மூடுமுன் மெக்கர் என்னும் சோதனைக் கருவியை வைத்துக் காப்புத்தடையை, அதாவது கேபிளின் உறை மின்சாரத்தைக் கசியவிடாமல் தடுக்கிறதா என்பதை, பார்த்துவிடுங்கள். சுவரிலிருந்து எத்தனை அடி தள்ளிக் கேபிள் போகிறது என்று தெரியும்படி, டேப்பை விரித்து வைத்து ஒரு படமும் எடுத்து மெயின் போர்டுக் கதவின் உட்புறத்தில் ஒட்டிவையுங்கள். நாளை அங்கே தென்னங்கன்று வைக்கக் கடப்பாரை போடுபவருக்கு அந்தப் படம் தேவைப்படும்.