அரிபடுதன்மை: ஒரு சொல் விளக்கம்

மலைச்சரிவின் மண் மழைநீருக்கு எவ்வளவு எளிதில் இடங்கொடுக்கும் என்பதை மதிப்பிடும் மண்ணியலார், அந்த இயல்பை ‘எரோடிபிலிட்டி’ என்பர். அதற்குரிய தமிழ்ச்சொல் ‘அரிபடுதன்மை’.

இலத்தீனில் ‘ரோடெரெ’ என்பது கொறித்தலைக் குறிக்கும். எலி, அணில் முதலிய கொறிவிலங்குகளின் ஆங்கிலப் பெயரான ‘ரோடன்ட்’ என்பதும் இவ்வேரிலிருந்து வந்ததே. செல்லரித்த ஏடு, கறையான் அரித்த மரம் என்னும் நம் வழக்குகளிலும் அதே காட்சிதான் இருக்கிறது. ஆனால், தமிழ் ‘அரித்தல்’ இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. அரிசியை நீரில் அலசிக் கல் அரிக்கும்போது, இலேசானது நீரோடு போக, கனமானது சட்டியின் அடியில் தங்கிவிடும். மலைமழையும் வண்டலையும் மட்கையும் கொண்டுபோய்விட்டுக் கற்களை மட்டும் மேற்பரப்பில் விட்டுச்செல்கிறது. இவ்வகையில் இலத்தீன் வேரைவிட நம் சமையலறைச் சொல்லே நிகழ்வுக்கு நெருக்கமானது என்பேன்.

இச்சொல்லில் ‘படு’ என்னும் துணைவினையே உயிர்நாடி. அரிக்கும் ஆற்றல் மழைக்கு உரியது; அதனை ‘அரிதிறன்’ எனலாம். அரிக்கப்படும் இயல்பு மண்ணுக்கு உரியது. இரண்டையும் ‘அரிப்புத் தன்மை’ என்று ஒரே பெயரால் எழுதினால், குற்றம் மழையினுடையதா மண்ணினுடையதா என்பது தெரியாமல் போகும். அமெரிக்காவில் விஷ்மயரும் ஸ்மித்தும் உருவாக்கிய மண்ணிழப்புச் சமன்பாடு இவ்விரண்டையும் தனித்தனிக் காரணிகளாகவே வைக்கிறது. 22.1 மீட்டர் நீளமும் 9 விழுக்காடு சரிவும் கொண்ட தரிசுப் பாத்தியே அதில் அளவுகோல். வண்டல், மிக நுண்ணிய மணல் ஆகியவற்றின் பங்கு, கரிமப் பொருள், மண்ணின் கட்டமைப்பு, நீர் ஊடுருவும் வேகம் ஆகியவற்றைக் கொண்டு அரிபடுதன்மை கணிக்கப்படுகிறது. களிமண் ஒட்டிப் பிடித்துக்கொள்ளும், பருமணல் கனத்தால் நகராது. இடைப்பட்ட வண்டலே எளிதில் அடித்துச் செல்லப்படும். சரிவின் செங்குத்து இக்கணக்கில் சேராது. அது வேறொரு காரணி.

ஆகவே சரிவு, தாவரப் போர்வை, மனித நடமாட்டம் அனைத்தையும் சேர்த்துச் சொல்ல விரிந்த சொல் ஒன்று தேவை. ஆங்கிலத்தில் அதற்கு வழங்கும் ‘வல்னரபிலிட்டி’ என்பதன் வேரான இலத்தீன் ‘வல்னஸ்’ புண்ணைக் குறிப்பது. தமிழில் ‘ஊறு’ காயத்தையும் தீங்கையும் குறிப்பதால் ‘ஊறுபடுதன்மை’ இயல்பாகவே பொருந்துகிறது.

காலடியால் வரும் ஊறினை, இடிபாடு என்பது போல, ‘மிதிபாடு’ எனலாம். மிதிபட்ட மண்ணில் துளைகள் இறுகி, உள்ளிறங்க வேண்டிய நீர் தடத்தின் வழியே ஓடி அதனை ஓடையாக்கிவிடுகிறது. கோல், பேஃபீல்டு ஆகிய ஆய்வாளர்கள் 1993இல் வகுத்த சோதனை முறையில், அரை மீட்டர் அகலமும் ஒன்றரை மீட்டர் நீளமும் உள்ள பாத்திகளில் 25, 75, 200, 500 முறை எனப் படிப்படியாக நடந்து, எஞ்சும் தாவரப் போர்வையை அளப்பர். மிதியாத பாத்தி ஒன்றை ஒப்பீட்டுக்கென விட்டுவைப்பர். மீண்டும் முளைப்பது எவ்வளவு என்பதை ஓராண்டு கழித்துப் பார்ப்பர். குளிர்மிக்க உயரங்களில் வளர்பருவம் குறுகியதாகையால் அம்மீட்சி மெதுவாகவே நிகழும். வழி சேறானால் நடப்போர் ஓரம் ஒதுங்குவதால், ‘ஒற்றையடிப் பாதை’ என்று நாம் சொல்லும் மலைத்தடம் அப்பெயருக்குப் பொருந்தாத அகலத்துக்கு விரிந்துவிடுவதும் உண்டு.