நூல் கட்டியதாலா, நாள் போனதாலா?

சின்னப் பிள்ளை எதையோ கண்டு பயந்துவிட்டது. ராத்திரியில் வீரிட்டு எழும்புகிறது, சாப்பாடு இறங்குவதில்லை. ஊரில் பார்வை பார்ப்பவரிடம் கொண்டுபோய் நூல் கட்டுவிக்கிறார்கள். இரண்டு கிழமையில் பிள்ளை பழையபடி முற்றத்தில் ஓடித் திரிகிறது. யாழ்ப்பாணத்தில் இப்படியொரு கதை இல்லாத வீடு குறைவு. நூல்தான் வேலை செய்ததா, இரண்டு கிழமை கழிந்ததால் பயம் தானாகத் தெளிந்ததா? அந்த ஒரு பிள்ளையை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் விடை கிடைக்காது. நூல் கட்டாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை யாரும் பார்க்கவில்லை.

இதே கேள்வியை உளவளத்துணையிடமும் கேட்க வேண்டும். கதைத்துக் கதைத்து மனப்பாரம் குறைந்ததா, காலம் குறைத்ததா? உளவியல் ஓர் அறிவியலா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் காட்டுவது இந்த இடத்தைத்தான். தன் சொந்தச் சிகிச்சையிடமே இதைக் கேட்டு, பிடிக்காத விடை வந்தாலும் அதை அச்சில் போடுகிற துறை அது.

சுனாமிக்குப் பிறகு வடகிழக்கில் முகாமில் இருந்த 31 பிள்ளைகளிடம் ஓர் ஆய்வு நடந்தது, 2009இல் வெளியானது. குலுக்கல் முறையில் பிள்ளைகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினர் தமக்கு நடந்ததை ஆரம்பம் முதல் கதையாகச் சொன்னார்கள். மற்றவர்கள் தியானமும் தளர்வுப் பயிற்சியும் செய்தார்கள். இரு பகுதிக்கும் ஆறு அமர்வுகள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது கதை சொன்னவர்களில் 81 சதவீதமும் தியானம் செய்தவர்களில் 71 சதவீதமும் தேறியிருந்தார்கள். இவ்வளவு சிறிய எண்ணிக்கையில் 81க்கும் 71க்கும் இடையிலான தூரம் தற்செயலாகவே வரக்கூடியது. இரண்டும் நல்ல சிகிச்சைகள் என்று சொல்லலாம்தான். ஆனால் ஒன்றுமே செய்யப்படாத மூன்றாவது குழு ஒன்று அங்கே இல்லை. எத்தனை பேர் தாமாகவே தேறியிருப்பார்கள் என்பது அதனால் தெரியாமல் போயிற்று.

அந்தக் குறை இல்லாத ஆய்வு 2012இல் வந்தது. போரால் பாதிக்கப்பட்ட வடக்கில், 9 முதல் 12 வயது வரையான 399 பாடசாலைப் பிள்ளைகளிடம் டோல் என்ற ஆய்வாளரின் குழு அதைச் செய்தது. விளையாட்டு, ஆக்கச் செயற்பாடுகள், பயத்தைக் கையாளும் பயிற்சி எல்லாம் கலந்து ஐந்து கிழமையில் 15 அமர்வுகள். பிள்ளைகள் குழுக்களாகக் குலுக்கலில் பிரிக்கப்பட்டார்கள். ஒரு பகுதிக்கு உடனே அமர்வுகள், மற்றப் பகுதி காத்திருப்புப் பட்டியலில்.

ஏன் குலுக்கல்? ரீச்சரிடம் தெரிவை விட்டால் மிகவும் வாடிப்போன பிள்ளைகளை முதலில் அனுப்புவார். உச்சத்தில் இருக்கும் துயரம் பெரும்பாலும் தானாகவே கொஞ்சம் இறங்கும். அந்த இறக்கமும் அமர்வுகளின் கணக்கில் ஏறிவிடும். பெற்றோர் விருப்பத்துக்கு விட்டால் அக்கறையான வீட்டுப் பிள்ளைகளே வந்து சேருவார்கள். குலுக்கல் இந்த வேறுபாடுகளையும், நாம் நினைத்தே பார்க்காத வேறுபாடுகளையும் இரு பக்கமும் பரவலாகப் பங்கிட்டுவிடுகிறது.

முடிவு? முதன்மையாக எதிர்பார்த்த பலன்களில் இரு பகுதிக்கும் ஒட்டுமொத்த வித்தியாசம் இல்லை. நடத்தைப் பிரச்சினைகள் குறைந்தன. ஆண் பிள்ளைகளுக்கும், அன்றாட வாழ்வில் போர் நெருக்கடி குறைவாக இருந்தவர்களுக்கும் மனவடுவின் அறிகுறிகளில் பலன் கிடைத்தது. பெண் பிள்ளைகளிடம் நடந்ததுதான் என்னை இன்னும் யோசிக்க வைக்கிறது. அமர்வுகளுக்குப் போன பெண் பிள்ளைகளிடம் அந்த அறிகுறிகள் குறைந்தன. காத்திருந்த பெண் பிள்ளைகளிடம் அதைவிடக் கூடுதலாகக் குறைந்தன. காத்திருந்தவர்களை யாரும் அளக்காமல் விட்டிருந்தால் அந்தக் குறைவை வெற்றி என்று அறிக்கையில் எழுதியிருப்பார்கள். கெட்ட எண்ணத்தில் அல்ல, பிள்ளைகள் தேறியதைக் கண்ணால் கண்ட சந்தோசத்தில்.

சரி, மனத்தை எப்படி அளப்பது? நேரே அளக்க முடியாததை அதன் விளைவை வைத்து அளக்கலாம் என்பதை ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹவுஸ் 1885இலேயே காட்டினார். அர்த்தமில்லாத அசைகளைப் பட்டியல் பட்டியலாகத் தானே மனனம் செய்தார். இடைவெளி விட்டு, அதே பட்டியலைத் திரும்பப் படிக்க எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று பார்த்தார். ஒரு நாள் கழித்து மிச்சம் மூன்றிலொரு பங்கு மட்டுமே. 2015இல் ஆம்ஸ்டர்டாமில் இதைத் திரும்பச் செய்தபோதும், நாள் போகப் போக மிச்சம் குறைவதைக் காட்டும் கோடு கிட்டத்தட்ட அதே மாதிரித்தான் வந்தது.

எல்லாம் அப்படி நின்று பிடிக்கவில்லை. அதே 2015இல், உளவியல் சஞ்சிகைகளில் வெளியான 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்த பெரிய முயற்சியின் முடிவு வந்தது. மூல ஆய்வுகளில் 97 சதவீதம் புள்ளியியல் ரீதியாகத் தேறியவை, அதாவது தற்செயல் என்று எளிதில் தள்ளிவிட முடியாத முடிவைக் காட்டியவை. திரும்பச் செய்தபோது தேறியது 36 சதவீதம். உளவியல் அறிவியல் அல்ல என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அது நேர்மாறாகப் படுகிறது. அந்தக் கணக்கை எடுத்து உலகத்துக்குச் சொன்னவர்கள் உளவியலாளர்களே. அதற்குப் பிறகு, எதைத் தேடப் போகிறோம் என்பதைத் தரவு சேர்ப்பதற்கு முன்னரே பதிவு செய்யும் வழக்கம் பரவிவருகிறது. எத்தனையோ ஒப்பீடுகளைச் செய்து பார்த்துவிட்டு, தற்செயலாக விழுந்த ஒன்றை மட்டும் எடுத்துக் காட்டும் பழக்கத்தை அது கட்டுப்படுத்துகிறது.

அந்த அளவுகோலை நமது வடக்கு ஆய்வுக்கும் வைக்க வேண்டும். ஆண், பெண், வயது, நெருக்கடி என்று பிரித்துப் பிரித்துப் பார்க்கும்போது ஏதாவதொரு கட்டத்தில் தற்செயலான வித்தியாசம் தென்படுவது இயல்பு. ஆகவே அந்த ஒரு முடிவை வைத்துப் பெண் பிள்ளைகளை இப்படிப்பட்ட அமர்வுகளிலிருந்து விலக்கச் சொல்ல மாட்டேன். அவர்களுக்கு நல்லதுதான் என்று கண்ணை மூடிக்கொண்டு நடத்தவும் சொல்ல மாட்டேன். கூடுதல் பெண் பிள்ளைகளோடு, கேள்வியை முன்கூட்டியே எழுதி வைத்து, காத்திருப்புக் குழுவையும் அளந்து, அதை இங்கேயே திரும்பச் செய்து பார்க்க வேண்டும்.